நான்காம் அத்தியாயம்: பூநகரியில் பழைய காரின் எஞ்சின்

பூநகரியில் பழைய கார் வைத்திருப்பவர் ஒயிலுக்கு முன் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். காரோடு வந்த கைந்நூலைத் திறந்தால் பராமரிப்புப் பகுதி ஒயிலில்தான் தொடங்கும். அதை எழுதியவர் ஜப்பானில் இருந்தவர். எங்கள் உவர்க் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துத் துப்பியவர் அல்லர். இங்கே ஒயில் மாற்றப் பிந்தினால் எஞ்சின் மெல்ல மெல்லத் தேயும். தண்ணீர் பிழைத்தால் பரந்தன் றோட்டில் ஒரே மத்தியானத்தில் முடிந்துவிடும்.

1980களிலும் 90களிலும் வந்த நாலு சிலிண்டர் பெற்றோல் கார்களை மனதில் வைத்தே இந்த அத்தியாயம். கொரோலா, சனி, லான்சர் என்று எங்கள் முற்றங்களில் நிற்பவை பெரும்பாலும் அவைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய காரின் விலை ஏறியது. இப்போதும் வரியைச் சேர்த்துப் பார்த்தால் புதியது பலருக்கு எட்டாது. ஆகவே வீட்டில் நிற்கிற கார் இன்னும் பத்து வருடம் ஓட வேண்டும் என்ற கணக்கிலேயே எழுதுகிறேன்.

ரேடியேற்றருக்கு என்ன தண்ணீர்?

பூநகரியின் நிலம் மேலே மணல், அடியில் சுண்ணாம்புக் கல். பக்கத்தில் கடல்நீரேரி. கிணற்று நீரில் சுண்ணாம்பும் உண்டு, இடத்துக்கு இடம் உப்பும் உண்டு. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படை ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் எஞ்சின் புளொக்கின் சுவர்களிலும் படியும். படை ஏற ஏறச் சூடு வெளியே போகாது. உப்பின் வேலை வேறு. இந்தக் கார்களில் பலவற்றுக்குப் புளொக் இரும்பு, ஹெட் அலுமினியம். உப்புத் தண்ணீர் இரண்டையும் தொட்டுக்கொண்டு நின்றால் அலுமினியத்தைத்தான் முதலில் தின்னும். அதிலும் ஹெட் காஸ்கெட்டின் துளைகளைச் சுற்றியுள்ள ஓரங்களை.

கிணற்றுத் தண்ணீரில் சில வருடம் ஓடிய காரின் வோட்டர் பம்மைக் கழற்றிப் பார்த்தால் விளங்கும். உள்ளே சுழல்கிற இதழ்களின் ஓரம் அரிபட்டு உயரம் குறைந்திருக்கும். விரலால் நெருடினால் துருமண் ஒட்டும். பம் சுழலும், ஆனால் தண்ணீரைத் தள்ளாது. வெளியே ஒழுக்கு இல்லை, பெல்ட் சரி, ஃபானும் சரி. இருந்தும் ஏசியைப் போட்டுக்கொண்டு எண்பதில் போனால் சூட்டு ஊசி மேலே நகரும். இந்தக் கோளாறைத் தேடித் தேர்மோஸ்டற், ஃபான் சுவிட்ச், ரேடியேற்றர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக் காசைக் கரைத்தவர்கள் இருக்கிறார்கள். ரேடியேற்றர் மூடியைத் திறந்ததும் செங்கபில நிறத்தில் தண்ணீர் தெரிந்தால் பம்மையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள்.

ஊற்ற வேண்டியது கூலன்ட். "இங்கை என்ன பனியே கொட்டுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டும். துருவைத் தடுக்கிற மருந்தும் அதில்தான் இருக்கிறது. கொதிநிலையையும் சற்று உயர்த்தும். கலவாத கூலன்ட் என்றால் பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த தண்ணீர், அதாவது பற்றரிக்கு ஊற்றுகிற தண்ணீர் சேருங்கள். கலந்தே விற்பதை மேலும் நீர்க்கச் செய்யக்கூடாது. பச்சையையும் சிவப்பையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். சில வகைகள் சேர்ந்தால் கூழாகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள்.

காய்ச்சி வடித்த தண்ணீர் கிடைக்காத நாளில் ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த குடிதண்ணீர் பாவிக்கலாம். மாரியில் மழைத்தண்ணீர் இன்னும் நல்லது. முதல் மழை கூரையைக் கழுவிப் போகட்டும். பிறகு பிடித்து, துணியில் வடித்து, கறள் இல்லாத பிளாஸ்ரிக் கானில் மூடி வையுங்கள். ஐந்து லீற்றர் கான் ஒன்று போதும். எந்தக் கிணறும் வேண்டாம். குடிக்க நன்றாக இருக்கிற கிணற்றிலும் சுண்ணாம்பு இருக்கும்.

புதிதாக வாங்கிய பழைய கார் என்றால், முன்னர் வைத்திருந்தவர் என்ன ஊற்றினார் என்று தெரியாது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேற்றரின் அடித் திருகைத் திறந்து முழுவதையும் ஒரு பேசினில் வடியுங்கள். நல்ல தண்ணீர் நிரப்பி, ஹீற்றர் இருந்தால் அதை முழுச்சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓட விடுங்கள். ஆற விட்டு மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும்வரை திருப்பிச் செய்யுங்கள். பேசினில் வடித்த கூலன்ட்டை நாய், பூனை, கோழி வாய் வைக்காத இடத்தில் அகற்றுங்கள். அது இனிக்கும், நஞ்சு.

படையைக் கரைக்கிற இரசாயனம் கடைகளில் கிடைக்கிறது. மிகப் பழைய ரேடியேற்றரில் அதை ஊற்ற நான் சொல்ல மாட்டேன். பல காரில் ஒழுக்கை அடைத்து வைத்திருப்பதே அந்தப் படைதான். அது கரைந்தால் நாலு இடத்தால் சொட்டும். பித்தளை ரேடியேற்றர் என்றால் கழற்றிக் கொடுத்துக் குத்தி எடுப்பிக்கலாம். பிளாஸ்ரிக் தொட்டி வைத்தது என்றால் மாற்றுவதே மேல்.

மூடியைப் பலரும் கவனிப்பதில்லை. அதன் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ அடித்திருக்கும். அது மூடி தாங்குகிற அமுக்கம். சாதாரணத் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். 0.9 மூடி இறுக்கமாக நின்றால் ஏறக்குறைய 119 வரை கொதிக்காது. உள்றப்பர் காய்ந்து வெடித்த மூடி இந்த இடைவெளியைப் பறித்துவிடும். ஹெட் காஸ்கெட் போய்விட்டதோ என்று பயந்து வந்த காருக்கு மூடி மாற்றியதோடு வேலை முடிந்த கதைகள் உண்டு. எந்த இலக்கம் இருந்ததோ அதே இலக்கத்தில் வாங்குங்கள். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் பழைய ஹோஸ் வெடிக்கலாம்.

"தேர்மோஸ்டற்றைக் கழட்டிப்போட்டன் அண்ணை, எங்கட வெக்கைக்கு அது தேவையில்லை" என்று கராச்சில் சொல்லுவார்கள். "புதுசு ஒண்டு வாங்கிப் போடு தம்பி" என்று சொல்லிவிடுங்கள். அது இல்லாமல் எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரம் எடுக்கும். அதுவரை பெற்றோல் கூடக் குடிக்கும், சிலிண்டரும் கூடத் தேயும். சில எஞ்சின்களில் தேர்மோஸ்டற் திறக்கும்போது சுற்றுவழியையும் சேர்த்து மூடுகிறது. அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமலே திரும்பி வரும். வெக்கைக்காகக் கழற்றியது வெக்கையைக் கூட்டிவிடும். பழையது வேலை செய்கிறதா என்று பார்க்க அதை ஒரு சட்டித் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிக்கும் முன்பே வாய் திறக்க வேண்டும். எத்தனை பாகையில் என்பது அதன் மேலேயே, பெரும்பாலும் 82 என்று, பொறித்திருக்கும்.

வழியில் சூடேறினால்

பூநகரியிலிருந்து பரந்தன் சுமார் 25 கிலோமீற்றர். நடுவில் வயலும் வெளியும்தான். மற்றப் பக்கம் சங்குப்பிட்டிப் பாலம். முன்பு பாதை ஓடிய இடத்தில் 2011 ஜனவரியில் திறந்த 288 மீற்றர்ப் பாலம் அது. இரு கரையிலும் கடல்நீரேரிக்கு நடுவால் போகிற தாம்போதி. நிழல் மரம் தேடி நிற்கலாம் என்ற எண்ணம் இந்த இரண்டு வழியிலும் வேண்டாம். ஊசி வழமையான இடத்தைத் தாண்டியதும் அந்த இடத்திலேயே நடவடிக்கை எடுங்கள்.

முதலில் ஏசியை நிறுத்துங்கள். ஹீற்றர் உள்ள கார் என்றால் முழுச்சூட்டில் போட்டுக் கண்ணாடிகளை இறக்குங்கள். உள்ளே இருப்பவர்கள் ஏசுவார்கள். பொறுக்கட்டும், ஹீற்றரும் ஒரு சின்ன ரேடியேற்றர்தான். ஊசி இறங்கினால் மெதுவாகப் போகலாம். இறங்காவிட்டால், அல்லது ஆவி கண்டால், ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். மூடியைத் தொடாதீர்கள். துணியைப் போட்டுத் திறக்கலாம் என்பது ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. மேல் ஹோஸைக் கையால் அமத்தக் கூடியளவுக்கு ஆறும்வரை, குறைந்தது அரை மணித்தியாலம், காத்திருங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் பொனெற்றைத் திறந்து பாருங்கள். பெல்ட் இருக்கிறதா? ஹோஸ் வெடித்ததா? கீழே சொட்டுகிறதா? எதுவும் இல்லையென்றால் கரண்ட் ஃபான் சுழன்றதா என்பதே கேள்வி. ஃபியூஸைப் பாருங்கள். 90களின் பல டொயோட்டாக்களில் ரேடியேற்றர் பக்கத்துச் சூட்டு சுவிட்சின் வயரைக் கழற்றி விட்டுச் சாவியைப் போட்டாலே ஃபான் சுழலும். சுழன்றால் சுவிட்ச்தான் குற்றவாளி. வயரை அப்படியே கழற்றிக் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடி வரலாம். சுழலாவிட்டால் மோட்டர் அல்லது ரிலே.

தண்ணீர் விடும்போது எஞ்சினை ஸ்ராட் பண்ணி, மெல்லிய ஓட்டத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கொதிக்கிற வெறும் எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை மளமளவென்று கவிழ்த்தால் ஹெட் வெடிக்கவோ வளையவோ கூடும். அந்த அவசரத்தில் கையில் உள்ள எந்த நல்ல தண்ணீரும் ஆகும். கிணற்றுத் தண்ணீரே என்றாலும் விடலாம். வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்குள் வடித்துக் கழுவிவிடுங்கள். கடல்நீரேரித் தண்ணீர் மட்டும் வேண்டாம். அதைவிடக் கட்டி இழுத்து வருவது மலிவு.

திரும்ப ஓடத் தொடங்கிய பின் ஒயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் தண்ணீர் ஒயிலுக்குள் இறங்கிவிட்டது; ஹெட் காஸ்கெட் வேலை வந்துவிட்டது. அந்தக் காரை இன்னும் ஓட்டினால் பெயரிங்குகளும் போய்ச் சேரும். ரேடியேற்றரில் இடைவிடாமல் குமிழி வருவதும் அதே செய்திதான். ஹெட்டைக் கழற்றினால் மட்டம் பார்க்காமல் திருப்பிப் பூட்ட விடாதீர்கள். வளைந்த ஹெட்டுக்குப் புதுக் காஸ்கெட் போடுவது காசைத் தண்ணீரில் விடுவது.

சோளகம், சூடடிப்பு, புழுதி

வைகாசி தொடங்கிச் சோளகம் அடிக்கிற மாதங்களில் பூநகரியில் மணல் காற்றிலேயே இருக்கும். கௌதாரிமுனைப் பக்கம் போய் வருகிற கார் என்றால் சொல்லவே வேண்டாம். கைந்நூல் எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் சொன்னாலும் இந்தப் பருவத்தில் எயார் பில்ற்றரை மாதம் ஒருமுறை வெளியே எடுத்துத் தட்டுங்கள். காற்றடிப்பதென்றால் உள்ளிருந்து வெளியே அடியுங்கள். கடதாசிப் பில்ற்றரைக் கழுவக்கூடாது. ஒயில் தடவவும் கூடாது. இழுவை கூடும் என்று பில்ற்றர் இல்லாமல் ஓட்டுகிற இளைஞர்கள் உண்டு. உள்ளே போகிற மணல் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் நின்று அரைக்கிறது. அதற்கு மருந்து இல்லை.

அறுவடைக் காலத்துத் தொல்லை வேறு. றோட்டில் நெல் காயப் போட்டிருக்கும்; சப்பியும் வைக்கோல் தூசியும் பறந்து வந்து ரேடியேற்றரின் தகடுகளுக்கு நடுவில் அடைக்கும். ஏசி உள்ள காரில் முன்னால் ஏசித் தட்டு, பின்னால் ரேடியேற்றர். குப்பை இரண்டுக்கும் நடுவில் சேரும், முன்னால் குனிந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெல்லிய வேகத்தில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அமுக்கம் கூடிய குழாயால் அடித்தால் தகடுகள் மடியும்.

வைக்கோல் போருக்குப் பக்கத்தில் காரை விடாதீர்கள். அணிலும் எலியும் எஞ்சினுக்கு மேல் கூடு கட்டி வயரைக் கடிக்கும். ஒரு கிழமை நின்ற காரைப் பொனெற் திறந்து பார்க்காமல் ஸ்ராட் பண்ணக்கூடாது.

ஒயில்

5000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துதோ அது. வீட்டிலிருந்து சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடுகிற கார் ஆறு மாதத்தில் ஆயிரம் கூட ஓடியிராது, அதற்கும் மாற்றுங்கள். குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் முழுச்சூட்டுக்கு வருவதில்லை, ஈரமும் பெற்றோலும் ஒயிலிலேயே தங்கிவிடும். நன்கு ஓடித் தேய்ந்த எஞ்சினுக்கு 20W-50, இன்னும் இறுக்கமாக இருப்பதற்கு 10W-40 என்பது எங்கள் வெக்கைக்குப் பொருந்தும். பில்ற்றரையும் ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள்.

கம்பியை இழுத்துப் பார்ப்பது காலையில், ஸ்ராட் பண்ணும் முன், மட்டமான நிலத்தில். மேல் கோட்டுக்கு மேலே நிரப்பினால் கூட நல்லது என்று எண்ண வேண்டாம். நுரைத்துச் சீல்களால் வெளியே வரும். ஒயில் தானாகக் கூடினால்தான் கவலைப்பட வேண்டும். அது பெற்றோல் அல்லது தண்ணீர் இறங்குவதன் அடையாளம்.

கழிவு ஒயிலை நிலத்தில் ஊற்றாதீர்கள். இது மணல் நிலம். உப்புக்கு மேல் மெல்லியதாக மிதக்கிற நல்ல தண்ணீரைத்தான் கிணறுகளில் அள்ளுகிறோம். ஊற்றியது நேரே அங்கே இறங்கும். கானில் சேர்த்துக் கராச்சில் கொடுங்கள்.

"அப்ப மண்ணெண்ணெயில ஓடினதுதானே!"

இந்தப் பேச்சு எரிபொருள் வரிசை நின்ற 2022இல் மறுபடி எழுந்தது. பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. 1990இல் சண்டை மறுபடி மூண்ட பின் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் பெற்றோல் வராமல் போனது. அந்த வருடங்களில் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சின்னப் போத்தலில் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் எடுப்பது. எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. நிறுத்தினால் மறுபடி பெற்றோல் துளி வேண்டும். 2002இல் தடை தளரும்வரை வன்னியில் இதுதான் நடைமுறை.

ஓடியதற்குக் காரணம் அந்த எஞ்சின்களில் இருக்கிறது. ஏ-40 சோமர்செட்டின் 1200 சீசீ எஞ்சின் கலவையை ஏறக்குறைய 7 மடங்கு மட்டுமே அமுக்கும். தரம் குறைந்த எரிபொருளுக்கும் முகம் சுளிக்காது. 90களின் கொரோலாவில் வருகிற 5ஏ-எப்ஈ எஞ்சினில் அந்த அமுக்கம் 10 மடங்குக்குக் கிட்ட. மண்ணெண்ணெய் கலந்த பெற்றோலை அதில் விட்டால் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும் சத்தம் வரும். பிஸ்டன் முகமும் ரிங்குகளும் அடி வாங்கும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலை நீர்க்கச் செய்யும். அந்தக் காலத்திலும் எஞ்சின்கள் சும்மா தப்பவில்லை. கைதேர்ந்த மெக்கானிக்குகள் அடிக்கடி கழற்றிப் பூட்டியதால் ஓடின.

இன்ஜெக்‌ஷன் காருக்கு மண்ணெண்ணெய் துளியும் வேண்டாம். ஒக்டேன் 92 போதும். கைந்நூல் கேட்காத காருக்கு 95 அடிப்பதால் இழுவை கூடாது. வரிசைக் காலத்துப் பயத்தில் கானில் சேமித்த பெற்றோல் இன்னும் கிடந்தால் அதைக் காருக்கு விடாதீர்கள். மாதக்கணக்கில் நின்ற பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரின் நுண்துளைகளையும் இன்ஜெக்டரையும் அடைக்கும்.

ஸ்ராட் வராவிட்டால்

சாவியைத் திருப்பிக் காதைக் கொடுங்கள். "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும், அல்லது ஒன்றுமே இல்லை என்றால் பற்றரி முனைகளைப் பாருங்கள். உப்புக் காற்றில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும். மறை முனையை, அதாவது கழித்தல் குறி போட்டதை, முதலில் கழற்றுங்கள். சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, காயவிட்டு, கடைசியில் மறை முனையைப் பூட்டி, மேலே கிறீஸ் பூசுங்கள். பற்றரியிலிருந்து காரின் உடலுக்குப் போகிற ஏர்த் வயரின் மறு முனையையும் கழற்றித் தேய்க்க மறக்க வேண்டாம். இந்தக் கரையோரத்தில் பாதிப் பிரச்சினை அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

மல்ரிமீற்றர் ஒன்று வாங்கி வைத்தால் ஊகம் குறையும். நிற்கும்போது 12.6 வோல்ற் என்றால் பற்றரி நிறைவு, 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே நின்றால் பற்றரியை மாற்றிப் பயனில்லை, ஓல்டனேற்றரைப் பாருங்கள்.

எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை என்றால் இரண்டில் ஒன்று: பெற்றோல் வரவில்லை, அல்லது நெருப்பு இல்லை. இன்ஜெக்‌ஷன் காரில் சாவியைப் போட்டதும் பின் இருக்கைப் பக்கம் ஓரிரு விநாடி "ங்ங்" என்று பம் இரைவது கேட்கும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம் என்ற வரிசையில் போங்கள். பெற்றோல் மணம் கும்மென்று அடித்தால் எஞ்சின் நனைந்துவிட்டது. எக்ஸலேற்றரை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு சில விநாடி சுற்றுங்கள்.

டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்ப்பது மாரியில் கட்டாயம். உள்ளே ஈரமோ, மயிரிழைபோல் கறுத்த கோடோ இருந்தால் நெருப்பு வழிமாறுகிறது. துடைத்துக் காயவைத்தால் வீடு வரலாம். கோடு விழுந்த மூடியை மாற்றத்தான் வேண்டும். பிளக் வயர்களை ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டுங்கள். குழம்பிவிட்டால் இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றின் வரிசை 1-3-4-2. பொயின்ற் உள்ள பழைய கொரோலாவுக்கு இடைவெளி 0.45 மில்லிமீற்றர்; பீலர் கேஜ் இல்லாமல் கண்மட்டத்துக்கு வைக்க வேண்டாம்.

கழற்றிய பிளக்கின் நுனி வெளிறிய கபிலம் என்றால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெற்றோல் கூட, அல்லது எயார் பில்ற்றர் அடைப்பு. ஈரமான கறுப்பு ஒயில். சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெற்றோல் குறைவு அல்லது மிகைச்சூடு.

புகையும் பெல்ட்டும் வெள்ளமும்

வருடாந்த வரி அனுமதிப்பத்திரத்துக்குப் புகைச் சான்றிதழ் வேண்டும். அதற்கு முதல் நாள் கராச்சுக்கு ஓடுவதைவிட வருடம் முழுக்கப் புகைக்குழாயைப் பார்த்து வருவது நல்லது. காலையில் ஸ்ராட் பண்ணும்போது மட்டும் நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல்; அது பெரிய செலவல்ல. எக்ஸலேற்றரை மிதிக்கும்போதெல்லாம் நீலம் வந்தால் ரிங். கறுப்பு என்றால் பெற்றோல் கூட. எஞ்சின் சூடான பின்னும் நிற்காத வெள்ளைப் புகை, அதில் ஒரு தித்திப்பு மணம் என்றால் கூலன்ட் எரிகிறது.

உங்கள் காருக்குள் ஓடுவது டைமிங் செயினா டைமிங் பெல்ட்டா என்று கேட்டு அறியுங்கள். சனியின் ஜீஏ-15இல் செயின். கொரோலாவின் 5ஏ-எப்ஈயில் றப்பர்ப் பெல்ட், 100,000 கிலோமீற்றருக்கு மாற்ற வேண்டியது. மீற்றர் காட்டுவதை நம்ப முடியாத கார் என்றால் வாங்கிய கையோடு மாற்றி, அன்றைய திகதியையும் கிலோமீற்றரையும் எழுதி பொனெற்றின் உட்பக்கம் ஒட்டுங்கள். வோட்டர் பம்மையும் அப்போதே மாற்றுங்கள். ஒரே நேரத்தில் செய்தால் கூலி ஒன்றுதான்.

மாரியில் குடமுருட்டிப் பக்கம் தண்ணீர் றோட்டை மேவினால் சக்கரத்தின் நடுவை எட்டுகிற ஆழத்துக்குள் இறங்காதீர்கள். எஞ்சின் மூச்சிழுக்கிற குழாய் பல கார்களில் முன் விளக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீரை இழுத்து எஞ்சின் நின்றால் ஸ்ராட் பண்ணவே கூடாது. தண்ணீர் அமுங்காது, கொனெக்ரிங் ரொட் வளையும். தள்ளிக் கரையேற்றி, பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றது.

கழற்றுவதா, மாற்றுவதா?

ஒயில் குடிக்கிறது, இழுவை இல்லை என்றதும் எஞ்சினைக் கழற்றச் சொல்லுவார்கள். முதலில் நாலு சிலிண்டரிலும் கொம்பிரஷன் அளக்கச் சொல்லுங்கள். நாலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், சற்றுக் குறைவாக இருந்தாலும், அந்த எஞ்சின் இன்னும் ஓடும். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அதன் பிளக் துளையால் கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். கூடினால் ரிங், கூடாவிட்டால் வால்வு அல்லது காஸ்கெட். வால்வு என்றால் ஹெட்டோடு வேலை முடியும்.

ரிங்கும் பெயரிங்கும் போன எஞ்சினுக்கு ஜப்பானிலிருந்து வருகிற பாவித்த எஞ்சினைப் பூட்டுவது பல நேரம் முழுப் பழுதுபார்ப்பைவிட மலிவாக வரும். வாங்கும்போது ரேடியேற்றர் ஹோஸ் பூட்டுகிற வாயை விரலால் தடவிப் பாருங்கள். துருவும் படையும் இல்லாத எஞ்சினை எடுங்கள். எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் காரின் பதிவையும் மாற்ற வேண்டும். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டும் இறக்குமதிப் பத்திரத்தின் பிரதியும் அதற்குத் தேவைப்படும். கடைக்காரரிடம் காசு கொடுக்கும் முன் அந்த இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.